பாங்கொக் ஆலய ஊழியம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் உப்புவெளியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதியர் ஊழியத்துக்கு, அதாவது கணவன் மனைவியாக வேறிடம் போய்ச் சபைக்காகச் சேவை செய்ய, விண்ணப்பிக்கிறோம். 2023இல் பிரதிஷ்டையான பாங்கொக் ஆலயத்தில் சேவை செய்ய வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. எங்கே அனுப்புவது என்பதைச் சபைதான் தீர்மானிக்கும், சரி. ஆனால் செலவு நம்முடையது. ஓய்வூதியம் தடைப்பட்டால் அங்கே சமாளிக்க முடியாது.

ஓய்வூதியத்துக்காக வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை வெளிநாட்டிலிருந்து தூதரகம் மூலம் அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு காலம் எடுத்தது? இடையில் பணம் நின்றதா?

அப்புறம், இவருக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் பல மாதத்து மருந்தைச் சேர்த்துத் தருவார்களா, அல்லது வெளியே வாங்க வேண்டுமா? திருகோணமலையில் யாராவது இப்படிப் போய் வந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், நேரில் வந்தும் கேட்கிறோம்.