ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்த்துப் படித்தவர்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதயப் பாடம் என்றாலே மலைப்புதான். மூவிதழ் வால்வு வலப்பக்கமா இடப்பக்கமா என்று தேர்வுக்கு முந்தின நாள்கூடக் குழம்புவார்கள். இந்த வருடம் கறிக்கடை அண்ணாச்சியிடம் சொல்லிவைத்து ஆட்டு இதயங்கள் வாங்கினேன். (மேலே உள்ள குழாய்களை நறுக்காமல் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெருந்தமனியே இருக்காது.)

கத்தியை எடுக்கும் முன் ஒரே கேள்வி: எந்த அறையின் சுவர் தடிமனாக இருக்கும், ஏன்? நோட்டில் எழுதிய பிறகுதான் வெட்ட விட்டேன். வலது என்று எழுதியவர்கள்தான் அதிகம்.

"டீச்சர், இடது பக்கம்லா கெட்டியா இருக்கு!" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவள், "வலது பக்கம் நுரையீரலுக்குத் தள்ளுனா போதும். இது உடம்பு பூரா தள்ளணும்லா" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. வால்விதழ்களைப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்களை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் புத்தகத்தை மூடிவிட்டு இதயத்தை வரையச் சொன்னேன். வழக்கமாகத் தடுமாறுகிறவர்கள்கூட இரத்தம் போகும் வழியைச் சரியாகப் போட்டார்கள்.

கையில் பொருளைக் கொடுத்தாலே போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வெட்டும் முன் ஊகிக்க வேண்டும், பிறகு பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பத்தமடையிலிருந்து ஒரு பதில்:

டீச்சர், எனக்குப் பாய் நெசவு உம்மா பழக்கியது. கோரையைக் கிழிக்கும்போது என் விரல் மேல் அவங்க விரலை வைத்து, எவ்வளவு அழுத்தணும் என்று காட்டுவாங்க. கல்யாணமாகிச் சென்னை போய்ப் பல வருடம் தறிப்பக்கமே வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது கை தானாக வேலை செய்தது. ஆனால் மகள் போனில் "எப்படிம்மா?" என்று கேட்டால் எனக்கு வாயால் விளக்க வரவில்லை. லீவுக்கு வரும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.