ஸ்டார்லிங்குக்குச் சொந்த ரவுட்டர் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஒன்ராறியோவிலிருந்து:

எங்கள் வீடு பீட்டர்பரோவுக்கு வெளியே. இந்தப் பக்கம் ஃபைபர் இன்னும் வரவில்லை. கூரையில் ஸ்டார்லிங்க் (செயற்கைக்கோள் வழி இன்டர்நெட்), செவ்வக டிஷ் உள்ள இரண்டாம் தலைமுறை செட். வேகத்தில் குறையில்லை. ஆனால் பழைய வீடு. பேஸ்மென்டில் மகனுடைய மேசைக்கு வைஃபை ஒரு கோடுதான் எட்டியது. சும்மா கிடந்த மெஷ் ரவுட்டரை (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை பரப்புவது) போடலாம் என்று இறங்கினேன்.

ஸ்டார்லிங்க் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால், வயர் செருகும் லேன் போர்ட்டே கிடையாது! ஈதர்நெட் அடாப்டரைத் தனியாக வாங்கினால்தான் வயர் செருக முடியும். அவர்கள் ரவுட்டரைக் கழற்றி வைக்கவும் வழியில்லை, டிஷ்ஷுக்கு மின்சாரம் போவதே அதன் வழியாகத்தான்.

அடாப்டர் வந்த அன்றே அவசரமாகச் செருகினேன். நெட் வரவில்லை. ஒரு மணி நேரம் வயரை மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், ஸ்டார்லிங்க் ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1, என்னுடையதன் முகவரியும் 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? என்னுடையதை 192.168.50.1 ஆக்கியதும் ஓடியது.

அப்புறம்தான் ஸ்டார்லிங்க் ஆப்பில் பைபாஸ் மோடைப் போட்டேன், அதாவது அவர்கள் ரவுட்டரின் வேலையை என்னுடையதிடம் விட்டேன். முதலிலேயே போட்டிருக்கலாம். போட்டதும் ஸ்டார்லிங்க் வைஃபை மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். பழையபடி வேண்டுமென்றால் அந்த ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். ஆப்பில் டிஷ் தெரியாமல் போனால் உங்கள் ரவுட்டரில் டிஷ்ஷின் முகவரியான 192.168.100.1க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நிலையான வழி) கொடுங்கள். பனி கொட்டும் இரவில் டிஷ் சூடாகி உருக்குகிறதா என்று கட்டிலில் இருந்தபடியே பார்க்கலாம்.

மகனின் கேம் கன்சோல் மட்டும் இன்னும் நாட் (NAT, பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு) சரியில்லை என்று முறைக்கிறது. ஏன் என்று புரியவில்லை.

பகாங்கிலிருந்து:

அண்ணே, எங்களுடையது மூன்றாம் தலைமுறை. டிஷ்ஷுக்குத் தனி பவர் சப்ளை இருப்பதால், அதிலிருந்து வரும் வயரை நேரே என் ரவுட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் செருகிவிட்டேன். அவர்கள் ரவுட்டர் அட்டைப்பெட்டியிலேயே தூங்குகிறது.

நான் மாட்டிக்கொண்டது சிசிடிவியில். கோலாலம்பூரில் இருந்துகொண்டு வீட்டுக் கொட்டகையைப் பார்க்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடுவது) எப்படிக் கொடுத்தாலும் வேலை செய்யவில்லை. ரவுட்டரின் நிலவரப் பக்கத்தைத் திறந்தபோது வெளி முகவரி 100-இல் தொடங்கியது. அங்கேயே விஷயம் தெரிந்துபோயிற்று: சிஜிநாட் (CGNAT), அதாவது ஸ்டார்லிங்க் தன் பக்கத்தில் போடும் நாட். பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, வெளியிலிருந்து கூப்பிட்டால் நம் வீட்டுக்கு என்று கதவே இல்லை. பைபாஸ் போட்டாலும் நம் வீட்டு நாட் ஒன்றுதான் குறையும். அவர்கள் பக்கத்து நாட் அப்படியே இருக்கும். வெளியிலிருந்தும் வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற செயலியைப் போட்டேன், இப்போது மாடு அசைபோடுவது வரை தெரிகிறது.

ஒன்ராறியோவிலிருந்து:

அப்போ கன்சோல் முறைப்பதற்கும் இதுதான் காரணமா! நல்ல வேளை தம்பி, நான் மறுபடி வயரைக் கழற்றப் போய்க்கொண்டிருந்தேன்.