கான்கிரீட் வெட்டும் தூசி: ஆட்களுக்கு என்ன பாதுகாப்பு? அவசரம்

சைட்_சூப்பர்வைசர்: வணக்கம். பைப் இறக்க ஸ்லாபில் திறப்பு வெட்டுகிறோம். பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாத அளவுக்குத் தூசி. எல்லோருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தும் இருமுகிறார்கள். நாளைக் காலையிலும் வேலை இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_மேஸ்திரி: என்ன மெஷின்? கரண்டா, பெட்ரோலா? உள்ளேயா, மொட்டைமாடியிலா? இதைச் சொல்லாமல் என்ன சொல்வது தம்பி?

மஞ்சள்பை: வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுங்கள். உள்ளே போன தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

வார்டு_நர்ஸ்: வெல்லம் போவது உணவுக்குழாயில், தூசி போவது மூச்சுக்குழாயில். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். இந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் நுரையீரல் பழையபடி ஆகாது. காசநோயும் எளிதில் பிடிக்கும். என்ன மாஸ்க் கொடுத்தீர்கள்?

சேஃப்டி_பழசு: இதே கேள்விக்கு எத்தனை தடவை எழுதுவது? பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. நீங்கள் பார்க்கிற புழுதி பெரிது. நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத துகள். அமெரிக்காவில் ஓஷா என்ற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 2016இல் போட்ட விதிப்படி, கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா 8 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கையில் பிடிக்கும் ரம்பம் என்றால் பிளேடு மேலேயே தண்ணீர் பாய வேண்டும். கட்டடத்துக்குள் என்றால் அதோடு மாஸ்க்கும் வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் மாஸ்க்.

சைட்_சூப்பர்வைசர்: கரண்ட் கிரைண்டர், 5 இஞ்ச். இரண்டாவது மாடி, உள்ளே. பெடஸ்டல் ஃபேன் ஓடுகிறது. மாஸ்க் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய நீலக் கலர்.

கோவை_மேஸ்திரி: அந்த மாஸ்க் ஆகாது. கன்னத்தோர இடைவெளியிலேயே தூசி ஏறிவிடும். நுண்தூசியை வடிகட்டும், முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் வாங்கு. ஃபேனை உடனே நிறுத்து, அடுத்த ரூமில் டைல்ஸ் ஒட்டுகிறவன் முகத்தில்தான் அது கொண்டுபோய்க் கொட்டும். ஒருத்தன் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும்.

வயர்மேன்_திருச்சி: கரண்ட் கிரைண்டரில் தண்ணீரா? தயவுசெய்து வேண்டாம்!

கோவை_மேஸ்திரி: நாங்கள் காலங்காலமாக அப்படித்தான் வெட்டுகிறோம். ஒன்றும் ஆகவில்லை.

வயர்மேன்_திருச்சி: ஷாக் அடிக்காதவரைக்கும் எல்லாம் சரிதான் அண்ணே. அடித்தால் ஆளே போய்விடுவார். தண்ணீர்க் குழாய் மாட்டும் வசதியோடு வருகிற கட்டர் தனி. அதையும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட லைனில்தான் ஓட்ட வேண்டும்.

கோவை_மேஸ்திரி: எந்த சைட்டில் அதெல்லாம் வைக்கிறார்கள்?

வயர்மேன்_திருச்சி: வைக்கச் சொல்லத்தானே கத்திக்கொண்டிருக்கிறேன்.

சேஃப்டி_பழசு: சண்டை போதும். தண்ணீர் முடியாதென்றால் சக்கரத்தை மூடும் ஷ்ரவுடும் வேக்குவமும் வேண்டும். சக்கர விட்டத்தில் இஞ்சுக்கு 25 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 25 கன அடி காற்று) இழுக்க வேண்டும், உங்களுடைய 5 இஞ்சுக்கு 125. வீட்டு வேக்குவம் ஆகாது, நுண்தூசி பின்பக்கமாகத் திரும்ப வெளியே வந்துவிடும்.

வார்டு_நர்ஸ்: தாடி இருந்தால் என்95 முகத்தோடு ஒட்டாது, மழித்துவிடச் சொல்லுங்கள். காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். சட்டையை கம்ப்ரஸர் காற்றால் ஊதவும் விடாதீர்கள்.

சைட்_சூப்பர்வைசர்: தண்ணீர்க் கட்டர் வாடகைக்குக் கிடைத்தது. ஆர்சிசிபி போட்டாச்சு, என்95ம் கொடுத்தாச்சு. தூசி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் சேற்றுத் தண்ணீர் கீழ் மாடிக்கு ஒழுகுகிறது. என்ன செய்ய?

கோவை_மேஸ்திரி: கீழே தார்ப்பாய் கட்டி ட்ரம்மில் பிடி. வெட்டுகிற இடத்துக்கு நேர் கீழே ஒருத்தரும் நிற்கக் கூடாது, அதைப் பார்த்தாயா?