பதினொன்றாம் வகுப்பில் உயிரியலா, கணினி அறிவியலா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
பத்தாம் வகுப்பு முடித்துள்ள என் மகள், கணக்கு நோட்டின் ஓரங்களில்கூடத் தவளையும் இலை நரம்புமாக வரைந்து வைப்பவள். கணிதத்துடன் அவளுக்கு எந்தப் பாடத்தைச் சேர்ப்பது நல்லது?

பதில் 1:
எடுக்கும் பிரிவே பன்னிரண்டிலும் தொடரும் என்பதால் நிதானமாக முடிவெடுங்கள், அம்மா. தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்றே கணக்கிடுகிறார்கள். ஆகவே உயிரியல் எடுத்தாலும் கணினிப் பொறியியலுக்கான வழி அடைபடாது.

பதில் 2:
நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. உயிரியலை விட்டுவிட்டுப் பின்னர் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு என் தம்பி மகன் தவித்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. விண்ணப்பத்தில் கணினி என்று எழுதியிருந்தேன். அவளிடம் கேட்டுவிட்டு நாளை மாற்றிக் கொடுக்கிறேன்.