மறு: கோட்டைக்குள் இருந்த செய்தி அறைக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

முதல் உலகப்போரில் பிரான்சில் நடந்த வெர்தன் போர் பற்றி நாம் மொழிபெயர்த்த பள்ளித் துணைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கோட்டைக்குள் இருந்து செய்தி அனுப்பும் அறையைக் குறிக்கும் 'கம்யூனிகேஷன் பங்கர்' என்பதற்கான தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது.

> பதுங்குகுழி என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல்லை வைத்து வோ கோட்டைப் பத்தியைப் படித்துப் பாருங்கள். வெர்தனைச் சுற்றி இருந்த கோட்டை வளையத்தில் அதுவும் ஒன்று. 1916 ஜூன் தொடக்கத்தில் ஜெர்மானியர் அதன் கூரைமேலேயே ஏறிவிட்டார்கள். தொலைபேசிக் கம்பிகள் குண்டுவீச்சில் அறுந்துவிட்டன. உள்ளே இருந்த பிரெஞ்சுத் தளபதி ரெய்னலுக்கு மிஞ்சியவை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த சூவில் கோட்டையை நோக்கிச் சிமிட்டும் விளக்கும் புறாக்களும்தான். ஜூன் 4 அன்று கடைசிப் புறாவைப் பறக்கவிட்டார். சூவில் விளக்குக்குப் பதில் தரவில்லை, உடனே தொடர்புகொள்ளச் செய்யுங்கள் என்ற வேண்டுகோளும் அதன் காலில் கட்டிய சீட்டில் இருந்தது. நச்சுப்புகையில் தளர்ந்திருந்த அந்தப் புறா வெர்தன் போய்ச் சேர்ந்து இறந்தது. தண்ணீர் தீர்ந்து, 7ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டிய அறையில் இரவுபகலாகச் செய்தி அனுப்பப் போராடியவர்களைக் குழியில் பதுங்கியவர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> அப்படியானால் 'தொடர்பு அறை' போதுமே.

போதாது. அரண் கட்டுவோர் வழக்கில் கம்யூனிகேஷன் என்பது ஆள் போய்வரும் வழியையும் குறிக்கும். முன்வரிசைப் பதுங்கு அகழிக்குப் பின்னாலிருந்து போகும் அகழியும் அதே பெயரில்தான் மூலத்தில் வருகிறது. முதல் வரைவில் இரண்டையும் 'தொடர்பு' என்று போட்டதால், தொலைபேசி அகழிக்குள் வீரர்கள் நடப்பதாக ஒரு வரி அமைந்துவிட்டது. வழிக்கு 'இணைப்பு அகழி', சேதிக்குச் 'செய்தி' என்று பிரித்தே ஆகவேண்டும்.

'சுருங்கை' என்று வைக்கலாமா என்று நடந்த சண்டையை நான் ரசித்தேன். சிலம்பில் 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி' என்று வருவதும், அது சுருங்குதலிலிருந்து வந்ததா, கிரேக்க 'சூரிங்க்ஸ்' வடமொழி வழியாக வந்ததா என்பதும் ஒரு மாதம் பேசத் தகுந்தவை. ஆனால் யானைகள் போன சுரங்கவழி அது. நமக்கு வேண்டியது அறை.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'காவலரண்' எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. போரைக் கண்டவர்கள் வாயில் புழங்கிய சொல், அரண் என்ற பழைய சொல்லும் உள்ளே நிற்கிறது. ஆனால் காவலரணில் இருப்பவர் எதிரியைக் கண்காணிப்பவர் என்றுதான் ஈழத்து வாசகர் எடுத்துக்கொள்வார். அக்கா, முன்வரிசைக் காவல் நிலைகளுக்கு அதையே வைத்துவிட்டேன்.

ஆக, 'செய்திக் காப்பறை'. காப்பறை என்றால் வங்கிப் பெட்டக அறை நினைவுக்கு வருகிறது என்று இருவர் மறுத்திருக்கிறார்கள். செய்தி முன்னால் வரும்போது அந்தக் குழப்பம் வராது என்பது என் எண்ணம். ஏற்றவர்கள் ஐந்து பேர், அதில் மூவர் 'சரி, விடுங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஐயா இன்னும் பதுங்குகுழியை விடவில்லை. வியாழன் மாலைக்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றுகிறேன். வெறும் 'பங்கர்' என்று போடச் சொல்லாதீர்கள், அதற்கு மட்டும் நான் இணங்கமாட்டேன்.