மின்காந்த உணர்திறன் உள்ள தாயாருக்கு வீட்டுக் கணினி: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

வினா: கானாடுகாத்தான் வாசி

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் என் ஆத்தா தனியாக இருக்கிறார்கள், வயது 62. மூன்று ஆண்டுகளாக, மடிக்கணினியின் முன் கால் மணி நேரம் அமர்ந்தாலே முகம் காந்துவதாகவும், விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல் இருப்பதாகவும், அன்று முழுவதும் தலைவலி விடுவதில்லை என்றும் சொல்கிறார்கள். வைஃபை பெட்டி இருக்கும் பட்டாலைக் கூடத்தில் படுத்தால் உறக்கம் வருவதில்லையாம். உறவினர் சிலர் இதைப் பிரமை என்று சொல்லிவிட்டதால் இப்போதெல்லாம் ஆத்தா வாய் திறப்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருக்கிறது.

கணினியே வேண்டாம் என்றும் இருக்க முடியவில்லை. பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குச் செய்யும் படைப்பின் கணக்கை அவர்கள்தான் எழுதி வருகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளைத் திரையில் பார்த்துப் பேசுவதும் அதில்தான். மேசைக் கணினி நல்லதா, மடிக்கணினி நல்லதா? கைபேசிக் கடையில் கதிர்வீச்சை உறிஞ்சும் வில்லை என்று ஒன்றை 1,500 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். வாங்கி ஒட்டலாமா?

மறுமொழி: தேவகோட்டைக்காரன்

வில்லையை வாங்க வேண்டாம். அலையை அது உண்மையிலேயே தடுத்தால் கைபேசிக்குச் சிக்னல் குறையும். குறைந்ததும், கோபுரத்தை எட்டுவதற்காகக் கைபேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். தடுக்கவில்லை என்றால் கொடுத்த காசு வீண்.

மறுமொழி: காரைக்குடி செம்புக்கம்பி

இருபது ஆண்டுகளாகச் செட்டிநாட்டு வீடுகளில் ஒயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில், தங்கள் தாயார் சொல்லும் விரல் நுனி ஊறலை முதலில் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உலோக உடல் கொண்ட மடிக்கணினியை இரண்டு பின் சார்ஜரிலோ, எர்த் இல்லாத சாக்கெட்டில் த்ரீ பின் சார்ஜரிலோ போட்டால், சார்ஜருக்குள் மின்வழி இரைச்சலை அடக்க வைத்திருக்கும் சிறிய மின்தேக்கியின் வழியாக மிகச் சிறிய மின்கசிவு உடல் பகுதிக்கு வந்து சேரும். உயிருக்கு ஆபத்தில்லாத அளவுதான் என்றாலும், மெல்லிய தோல் உள்ளவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியவும் கூடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஊறல் நின்றுவிட்டால் காரணம் இதுதான்.

நம் பகுதியின் பழைய வீடுகளில் த்ரீ பின் சாக்கெட் இருக்கும், அதன் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கம்பி இருந்தாலும், கரியும் உப்பும் போட்டு எப்போதோ புதைத்த எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே எர்த் பின்னோடு இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கணினியின் உடலிலேயே முழு மின்சாரமும் ஏறிவிடும் என்பதால், அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கையோடு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திவிடுங்கள். எர்த் சரியாகும் வரை, உடலை எர்த்தோடு இணைப்பதாகச் சொல்லி இணையத்தில் விற்கும் எர்த் பாய், எர்த் விசைப்பலகை விரிப்பு எதையும் அந்த வீட்டுச் சாக்கெட்டில் செருக வேண்டாம்.

கணினி என்றால் மேசைக் கணினியே என் தேர்வு. பெட்டி உலோகமாக இருக்கட்டும், த்ரீ பின் கம்பியோடு வரட்டும். திரைக்கு ஐந்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. கம்பி போட்டால் பெட்டியை அறையின் மறுகோடியில் வைத்துவிடலாம். விசிறி இரைச்சலும் சூடும் அவர்களை அண்டாது. விசைப்பலகையும் மௌஸும் கம்பி உள்ளவையாக இருக்கட்டும். இணையத்துக்கு கேட் 6 கம்பி போதும். நூறு மீட்டர் வரை தாங்கும் என்பதால் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை தாராளமாக வரும். நம் வீடுகளின் சுவர்களில் வைஃபை தடுமாறுவதால், கம்பி போட்டால் வேகமும் கூடும். சுண்ணாம்புப் பூச்சில் துளையிடாமல் நிலைப்படி ஓரமாகவும் தேக்கு விட்டத்தின் மேலாகவும் கொண்டு போகச் சொல்லுங்கள். அந்தப் பூச்சை உடைத்தால் மறுபடி அதே போல் பூசுவதற்கு ஆள் கிடைப்பது எளிதில்லை. கம்பி வந்த பிறகு இணையப் பெட்டியின் வைஃபையை அமைப்புப் பக்கத்தில் அணைத்துவிடலாம்.

மறுமொழி: பள்ளத்தூர் மருத்துவ மாணவி

செம்புக்கம்பி அண்ணன் சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். பல எல்.இ.டி. திரைகள், வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிமிட்டல் சிலருக்குத் தலைவலியைத் தரும். கைபேசிக் கேமராவை வேகமான ஷட்டரில் வைத்துத் திரையைப் படம் பிடித்தால் கறுப்புப் பட்டைகள் தெரியலாம். அப்படித் தெரிந்தால் சிமிட்டல் இல்லாத திரையாகப் பார்த்து மாற்றுங்கள். அறையில் பழைய சோக் வைத்த டியூப்லைட் இருந்தால் அதையும் மாற்றிவிடலாம், அது நொடிக்கு நூறு முறை துடிக்கிறது.

அடுத்ததைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். மின்காந்த உணர்திறன், அதாவது மின் கருவிகளால் உடல் தொல்லை வருவதாகச் சொல்வோரின் துன்பம் உண்மையானது, சிலரை முடக்கும் அளவுக்குக் கடுமையாகவும் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-ஆம் ஆண்டு எழுதியது. ஆனால் மின்காந்தப் புலமே அதற்குக் காரணம் என்பதற்கு அறிவியல் அடிப்படை கிடைக்கவில்லை என்றும் அதே குறிப்பில் சொன்னது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, கருவி இயங்குகிறதா இல்லையா என்பதைப் பங்கேற்பாளரும் சோதிப்பவரும் அறியாதபடி நடத்திய 46 சோதனைகளை, 1,175 பேரின் அனுபவத்தை, எடுத்துப் பார்த்தது. அலை இருந்தபோதுதான் தொல்லை வந்தது என்று அவற்றால் நிறுவ முடியவில்லை. அலை இருக்கிறது என்று நம்பிய நேரங்களில் மெய்யாகவே உடல் வலித்தது என்பதும் அவற்றில் தெரிந்தது. ஆகவே பிரமை என்று யாரும் தள்ளக்கூடாது. வைஃபையை அணைத்தாயிற்று என்று மருத்துவரிடம் போகாமலும் இருக்கக்கூடாது. இரத்தசோகை, தைராய்டு, ஒற்றைத் தலைவலி, கண் வறட்சி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் வைஃபையைப் போட்டும் அணைத்தும் சோதிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். தெரியவந்தால் பெற்ற பிள்ளை மேலும் நம்பிக்கை போய்விடும்.

மறுமொழி: கானாடுகாத்தான் வாசி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒயர்மேன் வந்து பார்த்தபோது ஆத்தாவின் அறைச் சாக்கெட்டில் எர்த் கம்பியே இல்லை. புதிதாகக் குழி வெட்டிக் கம்பி இழுத்த அன்றைக்கே விரல் ஊறல் நின்றுவிட்டது. "நான் சொன்னது பொய்யில்லையே" என்று ஆத்தா கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரையை மாற்றிய பிறகு தலைவலி வாரத்துக்கு ஒரு நாள் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. உறக்கம் மட்டும் வைஃபையை அணைத்த பின்னும் அப்படியேதான் உள்ளது. இதை அவர்களே கவனித்துச் சொல்லி, மருத்துவரைப் பார்க்கவும் சம்மதித்துவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை காரைக்குடிக்கு அழைத்துப் போகிறேன்.

மறுமொழி: காரைக்குடி செம்புக்கம்பி

நல்ல செய்தி. சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை அந்த எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.