அனுபவப் பகிர்வு: புதுப்பித்து ஓடும் பழைய புகையிரதங்களில் நம்மவர்கள்

கிளிநொச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

கண்டியில் ஒரு திருமணத்துக்குச் சென்றுவிட்டுப் புகையிரதத்தில் திரும்பும் வழியில், கடுகண்ணாவையில் இறங்கி அங்குள்ள தேசியப் புகையிரத அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். இலங்கையில் முதல் வண்டி ஓடி 150 ஆண்டுகள் நிறைந்த 2014 டிசம்பர் 27 அன்று திறக்கப்பட்ட இடம் அது. பழைய பெட்டி ஒன்றின் அருகில் நின்றபோது, எண்ணெய் பூசிய மரமும் கரியும் கலந்த ஒரு வாசனை வந்தது. சிறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்பு–யாழ்ப்பாணப் புகையிரதமான யாழ்தேவியில் ஏறிய நாட்களுக்குப் பிறகு அந்த வாசனையை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

போரினால் 1990 ஜூனில் நின்றுபோன அந்த வண்டி 2013 செப்டெம்பர் 14 அன்றுதான் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளும் நான் கரும்பலகையில் படம் வரைந்தே புகையிரதத்தைக் கற்பித்தேன். "சேர், வளைவு வந்தால் கோச்சியைத் திருப்புகிறவர் யார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். தண்டவாளத்தையே கண்டிராத பிள்ளையிடமிருந்து வேறு என்ன கேள்வி வரும்? அவன் வீட்டுப் பதுங்குகுழியின் கூரையில் கிடந்தவை தண்டவாளங்கள்தான் என்பதை அன்று நான் அவனிடம் சொல்லவில்லை.

பல நாடுகளில் நூறாண்டுப் பெட்டிகளைப் புதுப்பித்து, சொகுசு வண்டிகளாக ஓட்டுகிறார்கள் என்று அறிகிறேன். நம்மவர்களில் யாரேனும் அவற்றில் சென்றிருந்தால் எழுதுங்கள். விளம்பரத்தில் படித்தது வேண்டாம். ஏறியதையும் தொட்டதையும் எழுதுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து, புளியங்குளத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்:

ஐயா, என் அப்பா புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்தவர். 2016 இல் அவர் கனடாவுக்கு வந்தபோது, நயாகரா நீர்வீழ்ச்சியைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இங்கே கோச்சி இல்லையா?" என்று கேட்டார். ஆகவே, ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் வரை நான்கு இரவுகள் ஓடும் 'கனடியன்' வண்டியில் இருவருக்கும் படுக்கை இடங்களைப் பதிவு செய்தேன். தூரம் 4,466 கிலோமீற்றர். புளியங்குளத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்புவதைப்போல எத்தனை மடங்கு என்று அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டார்.

அந்த வண்டியின் பெட்டிகள் பிலடெல்பியாவின் பட் நிறுவனத்தில் துருப்பிடிக்காத எஃகினால் செய்யப்பட்டவை; 1955 ஏப்ரல் 24 அன்று ஓடத் தொடங்கியவை. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23 என்பதால், இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு வயதுதான் வித்தியாசம். பிற்காலத்தில் நீராவிச் சூடாக்கியை அகற்றி மின்சாரத்தைப் புகுத்தினார்களே தவிர, பெட்டியின் உடலை மாற்றவில்லை. கதவருகே தயாரிப்பாளரின் பெயர்த்தகட்டைக் கண்ட அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைத் தன் விரலால் தடவித் தடவி வாசித்தார். தண்டவாளத்தின் இடுப்பிலும், அதாவது பக்கவாட்டு நடுப்பகுதியிலும், இப்படித்தான் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அதை வாசிக்கத்தான் தனக்குப் பழக்கினார்கள் என்று அப்போது சொன்னார். எழுபத்தெட்டு வயதுவரை அவர் என்னிடம் சொல்லாத செய்தி அது.

படுக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் எதிரெதிர் இருக்கைகளாக இருப்பவை, இரவில் பணியாளர் வந்து இழுத்து மடித்ததும் கீழும் மேலுமாக இரண்டு கட்டில்களாகிவிடுகின்றன. கதவு கிடையாது, கனத்த திரை ஒன்றுதான் மறைப்பு. ஆடம்பரம் என்று எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் வெள்ளை விரிப்பிட்ட உணவு மேசையும், உண்மையான கண்ணாடிக் குவளையும், கண்ணாடிக் கூரையிட்ட மேல்தளப் பெட்டியும் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடும். அந்தக் கூரையின் கீழ் அமர்ந்து, சஸ்கச்சவானின் கோதுமை வயல்களைப் பார்த்தபடி, ஊரிலிருந்து கொண்டுவந்த முறிகண்டிக் கச்சானை அப்பா உடைத்துச் சாப்பிட்டார். கோதை எங்கே போடுவது என்று தெரியாமல் வேட்டி மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் எழுதாமல் விட முடியாது. அந்தப் பாதை சரக்கு வண்டிகளை ஓட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆகவே சரக்கு வண்டி வந்தால் இந்தச் சொகுசு வண்டிதான் பக்கப் பாதையில் ஒதுங்கிக் காத்து நிற்க வேண்டும். ஒன்ராறியோக் காட்டுக்குள் அப்படி ஒன்றரை மணி நேரம் நின்றோம். மற்றப் பயணிகள் முணுமுணுத்தபோது, அப்பாவுக்கு மட்டும் அது கொண்டாட்டம். பெரிய நிலையம் ஒன்றில் இறங்க அனுமதித்தபோது மேடையின் ஓரத்தில் குனிந்து நின்று, "இது எங்களுடையதைவிட ஒடுக்கம்" என்றார். பிறகு தேடிப் பார்த்தேன். இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். வட அமெரிக்காவினுடையது 4 அடி 8½ அங்குலம். கண்ணாலேயே அந்த ஒன்பதரை அங்குலத்தை அவர் பிடித்துவிட்டார்.

பாரிசிலிருந்து, பரந்தனைச் சேர்ந்தவர்:

நான் ஏறியவன் அல்லன், பார்த்தவன் மட்டுமே. விதிக்கு உட்படாது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், லா சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு கார் து லெஸ்ட் நிலையத்தின் வழியாக நடந்து வருவது என் வழக்கம். ஒரு மாலை அங்கே கருநீலப் பெட்டிகள் நின்றன. பக்கவாட்டில் பித்தளை எழுத்துகள். ஒவ்வொரு படிக்கட்டின் அருகிலும் நீலச் சீருடையில் ஒருவர். வெனிஸ் சிம்ப்ளன் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்று பிறகு அறிந்தேன். 1977 இல் மொன்டே கார்லோவில் நடந்த ஏலத்தில் ஜேம்ஸ் ஷெர்வுட் என்பவர் இரண்டு பழைய பெட்டிகளை வாங்கியதில் தொடங்கி, மற்றவற்றை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடிச் சேர்த்து, 1982 மே 25 அன்று லண்டனிலிருந்து வெனிசுக்கு முதல் வண்டியை விட்டிருக்கிறார்கள்.

எனக்கு வியப்பைத் தந்தது வேறொன்று. பெட்டியின் கோடியில் ஒரு பணியாளர் சிறிய அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படுக்கைப் பெட்டிக்கும் அப்படி ஓர் அடுப்பு உண்டு; வெந்நீரும் வெப்பமும் அதிலிருந்துதான் வருகின்றன. பழைய அறைகளில் முகம் கழுவும் தொட்டி மட்டுமே உண்டு, குளிக்க வசதி இல்லை, கழிவறை பெட்டியின் முனையில் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஓர் இரவு குளிக்காமல் போவதா என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன். ஆனாலும் அந்த அடுப்பைப் பார்த்தபோது ஏற வேண்டும் என்றுதான் இருந்தது. மகளின் படிப்பு முடியட்டும்.

கிளிநொச்சியிலிருந்து, மலையகத்தில் பிறந்தவர்:

நான் ஹட்டன் பக்கத்தில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. ஆனால் என் சித்தப்பாவுக்கு, மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அதற்கு முன்பே இந்தியக் கடவுச்சீட்டு வந்திருந்தது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். மேடையில் நிற்பவர்களும் அழுவார்கள், சன்னலில் இருப்பவர்களும் அழுவார்கள். சித்தப்பாவின் சட்டையை நான் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். பொத்தான் ஒன்று என் கையோடு வந்துவிட்டதாம்.

2018 இல் அவரைக் குன்னூரில் சந்திக்கப் போனேன். தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியோருக்காக அமைத்த தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேருந்தில் வந்துவிடு என்றார். நான் வேண்டுமென்றே மேட்டுப்பாளையத்துக்கு அவரை வரவழைத்து, நீலகிரி மலை இரயிலின் முதல் வகுப்பில் இரண்டு இடங்கள் எடுத்திருந்தேன். மற்றவர்கள் எழுதும் வண்டிகளோடு ஒப்பிட்டால் இது சொகுசு வண்டி ஆகாது. ஆயினும் முதல் வகுப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். நீராவி இயந்திரம் பின்னால் நின்று தள்ளுகிறது; ஆகவே வண்டியின் முகப்பில் இருப்பது பயணிகள் பெட்டி. முன்னால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தண்டவாளமும் காடும் நேரே நம் மடியில் வந்து விழுகின்றன.

கல்லாறு கடந்ததும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்லுப் பல்லாக ஒரு பட்டை தொடங்கிவிடும். இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கௌவிக்கொண்டு ஏறுகிறது. பன்னிரண்டு அடி முன்னேறினால் ஓர் அடி உயரும் செங்குத்து அது. ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்திலும் பிரேக்கைக் கையாளும் ஒரு தடுப்பாளர் நின்று, கொடியைக் காட்டிச் சைகை செய்தபடி வருகிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீற்றர். குன்னூர் வரை 1899 இலும், உதகை வரை 1908 இலும் திறந்தார்கள். 2005 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இன்று ஓடும் இயந்திரங்களில் சில சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை என்றும், சில திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்யப்பட்டவை என்றும் தடுப்பாளர் பெருமையோடு சொன்னார்.

ஹில்குரோவில் இயந்திரத்துக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. குரங்குகள் வந்தன, தேநீர் வந்தது. அதுவரை வாய் திறக்காதிருந்த சித்தப்பா, நீராவி சீறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "அன்னைக்கு இதே சத்தந்தான் கேட்டுச்சு, ஆனா யாரும் தேத்தண்ணி குடிக்கல" என்றார். குன்னூரில் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் இயந்திரத்தைப் பூட்டுவார்கள். நாங்கள் அங்கேயே இறங்கிவிட்டோம். பொத்தானை நான் கொண்டு போகவில்லை. இடப்பெயர்வில் எங்கோ தொலைந்துவிட்டது. தொலைந்தது என்று அவரிடம் சொன்னேன்.

வவுனியாவிலிருந்து, வாகனத் திருத்துநர்:

இவ்வளவு நேரமும் உருக்கமாக வாசித்த உங்களிடம் ஒரு கசப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவிசிலிருந்து வந்த என் அக்காவும் அத்தானும் வட இந்தியாவில் அரச காலத்துப் பெட்டிகளில் பயணிக்க விரும்பி என்னையும் அழைத்துச் சென்றார்கள். மகாராசாக்கள் படுத்த அதே கட்டில் என்று பயண முகவர் ஒருவர் வாக்களித்திருந்தார். நான் இரும்போடு வாழ்கிறவன். ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் சுவர்ப்பலகையைத் தட்டிப் பார்த்தேன், ஆணியின் தலையைப் பார்த்தேன், பெட்டியின் அடியில் குனிந்து சக்கரச் சட்டத்தைப் பார்த்தேன். எல்லாம் நம் காலத்து வேலை. பணியாளர்களின் உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை. பொய் சொன்னவர் முகவர்தான். பெயரை எழுத விரும்பவில்லை.

பின்பு விசாரித்ததில் விளங்கியது இது. 1982 சனவரி 26 அன்று பேலஸ் ஆன் வீல்ஸ் தொடங்கியபோது, சமஸ்தான மன்னர்களின் உண்மையான பெட்டிகளைத்தான் பூட்டினார்கள். அவை மூப்படைந்துவிட, 1991 இல் புதிதாகச் செய்த பெட்டிகள் வந்தன. பிறகு அகலப்பாதைக்கு ஏற்ப மீண்டும் மாறின. டெக்கான் ஒடிசி 2004 இலும், மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் 2010 இலும் தொடங்கியவை. அவை பழைய பாணியில் அலங்கரித்த புதிய வண்டிகள். அதில் தவறில்லை, நல்ல நித்திரையும் வரும். ஆனால் பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பெட்டியின் சட்டம் எந்த ஆண்டில் செய்யப்பட்டது? சுற்றி வளைத்துப் பதில் வந்தால், வாங்குவது அலங்காரம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

புளியங்குளத்துத் தங்கச்சி, உங்கள் அப்பாவை எங்களோடு அழைத்துப் போயிருந்தால் ஏறும் முன்பே சொல்லியிருப்பார்.

கிளிநொச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளை, உங்கள் அப்பா சொன்ன அந்தப் புடைப்பெழுத்துச் செய்தியை வாசித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் முதலில் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கியது, வேப்பமரக் கிளையில் கம்பியால் கட்டிய ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனோம். இப்போது பள்ளிக்கூடத்தில் மின்சார மணி. துண்டு என் வீட்டு மாட்டுக்கொட்டிலின் கதவுக்கு அண்டை கொடுத்தபடி கிடக்கிறது.

நேற்றுப் பின்னேரம் அதை வெளியே இழுத்துப் போட்டு, தேங்காய்த் தும்பும் மண்ணெண்ணெயும் கொண்டு தேய்த்தேன். இடுப்பில் எழுத்து இருந்தது. ஆலையின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் தெரிகிறது. வெட்டிய இடத்தில் மற்றவை போய்விட்டன. ஆண்டில் 19 என்பது தெளிவாக இருக்கிறது. அடுத்த இரண்டு இலக்கங்களையும் துரு தின்றுவிட்டது. உங்கள் அப்பா விரலால் தடவிப் பார்த்தால் பிடிபடுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது நான் புளியங்குளத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.